ஒரு சாண் அகலப் பலகை

என் தம்பி மலையேறுகிற சைக்கிள் ஒன்று வாங்கினான். கடலூர் மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு மலையேறுகிற சைக்கிள் வாங்கியவனை என்ன செய்வது? கேப்பர் மலை இருக்கிறதே என்று யாராவது அவனுக்குப் பரிந்துகொண்டு வரலாம். அது பேருக்குத்தான் மலை. டவுன் பஸ்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடும். இவன் வாங்கிய சைக்கிளின் டயரோ டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வேறு. பெங்களூரில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது, லீவு நாட்களில் காட்டுப்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த வியாதி இது. இப்போது வேலை வீட்டிலிருந்தபடியே நடக்கிறது. வியாதியும் கூடவே ஊருக்கு வந்துவிட்டது.

மலை இல்லாத குறையை அவன் மரத்தை வைத்துத் தீர்த்துக்கொண்டான். காடாம்புலியூர்ப் பக்கம் எங்கள் அப்பாவின் முந்திரித் தோப்பு இருக்கிறது. செம்மண் பூமி. மழைத் தண்ணீர் அரித்து அரித்து அங்கங்கே ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்து கிடக்கும். அந்தப் பள்ளங்களில் சவுக்குக் கம்புகளை ஊன்றி, மேலே பலகை அடித்து, அதன் மேல் சைக்கிள் ஓட்டினான். பாலம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலம் என்றால் மனுஷன் நிம்மதியாகப் போய்வர வேண்டும். இது ஒரு சாண் அகலம், சில இடத்தில் அதுவும் இல்லை. கைப்பிடி கிடையாது. வெளிநாட்டுக் காடுகளில் இதற்கு ஸ்கின்னி என்று பெயராம். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக நல்ல வழி இருக்கும்போது எதற்கு ஆகாயத்தில் பலகை அடிக்கிறாய் என்று கேட்டேன். "அதான்க்கா விஷயமே," என்றான். அதற்கு மேல் அவனிடம் விளக்கம் இல்லை.

இந்தக் கிறுக்கை வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்த நான், போன வருஷம் தை மாதத்தில் அதே பலகை மேல் ஏறினேன். சும்மா ஏறவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் கிராமங்களுக்குப் போகிற நர்ஸ். வீடு சிதம்பரத்தில். கிள்ளைக்கு அப்பால், பிச்சாவரத்துச் சதுப்பு ஓரமாக இருக்கிற ஐந்து குப்பங்கள் என் பொறுப்பு. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத கிழவர்களைச் சத்தம் போடுவது. பதினாறு வருஷமாக ஸ்கூட்டரில் தனியாகத்தான் போய்வந்தேன். ஐந்தாவது குப்பத்துக்குப் போவதற்கு மட்டும் ஒரு மண்கரை உண்டு. ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் எறால் குட்டைகள். ஒரு வண்டி போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருத்தர் பின்வாங்க வேண்டும். நான் ஒரு நாளும் பின்வாங்கியது கிடையாது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் இடது காதுக்குள் இருந்த பேலன்ஸ் நரம்பையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டது. காதுக்குள் அப்படி ஒன்று இருப்பதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது போனால் எப்படி இருக்கும் என்று அந்த மண்கரையின் நடுவில்தான் தெரிந்தது. வானம் கழிக்குள் போனது, கழி வானத்துக்குப் போனது. நானும் ஸ்கூட்டரும் தடுப்பூசிப் பெட்டியும் எறால் குட்டைக்குள் போனோம். குட்டைக்காரர் ஓடிவந்து முதலில் எறாலைப் பார்த்தார், அப்புறம்தான் என்னை.

மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு சுவர் இல்லாமலும் நடந்தேன். ஆனால் ஸ்கூட்டரைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது. கடலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியாக ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "சுத்தல் போயிடுச்சும்மா. இப்ப இருக்கறது பயம். அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. குறுகலான எடத்துல நடந்து பழகுங்க, மூளை தானா கத்துக்கும்."

அதுவரைக்கும் என் வீட்டுக்காரர்தான் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் குப்பம் குப்பமாகக் கொண்டுபோனார். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அரை நாள் கடையைச் சாத்திவிட்டு வருவார். மனுஷன் தங்கம்தான், ஆனால் அவர் வண்டி ஓட்டுவதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபத்தைந்துக்கு மேல் முள் ஏறாது. ரோட்டில் காக்கா உட்கார்ந்திருந்தால் ஹாரன் அடிப்பார். காக்கா நிதானமாக யோசித்து எழுந்து போகும்வரை காத்திருப்பார். மண்கரைக்கு வந்ததும் இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டுத் தரையை உரசிக்கொண்டே கடப்பார். பின்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கிற எனக்கு வருகிற கோபத்தில் பிரஷர் மாத்திரையை நான் சாப்பிட வேண்டும். நான் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், அவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. எங்கள் மெடிக்கல் ஆபீசர் நல்ல பெண்மணி. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். "சித்திரை கடைசிக்குள்ள சொல்லிடுங்க. தனியா போக முடியும்னா போங்க. முடியாதுன்னா ஆபீஸ்ல டேபிள் வேலை போட்டுத் தரேன். பாவம், வீட்டுக்காரர் எத்தன நாள்தான் கடையச் சாத்துவாரு?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக யார் வீட்டில் எந்தக் குழந்தை எந்தப் பக்கம் படுத்துத் தூங்கும் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிறேன். என்னை ஒரு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தால், அந்த மேஜைதான் பாவம்.

டாக்டர் சொன்னதைத் தம்பியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"குறுகலான எடம்தானக்கா? எங்கிட்ட நெறைய இருக்கு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தோப்புக்குப் போவது என்று ஏற்பாடு. எனக்கென்று ஒரு பழைய சைக்கிளைக் கொஞ்சம் தாழ்த்தித் தயார் செய்திருந்தான். முதல் பலகை தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம், ஓர் அடி அகலம். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஏறி நின்றதும் சிரிப்பு போய்விட்டது. ஒரு செங்கல் உயரத்திலிருந்து உலகம் இவ்வளவு கீழே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"மொதல்ல எறங்கக் கத்துக்கக்கா," என்றான் தம்பி.

"இன்னும் ஏறவே இல்லையேடா."

"ஏறுறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் விழப்போறன்னு முடிவு பண்ணிடணும். அந்தப் பக்கந்தான் விழணும். நடுவுல மனசு மாறக்கூடாது."

விழுவதற்கு முன்னேற்பாடு செய்துகொண்டு ஆரம்பிக்கிற விளையாட்டை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அன்று முழுக்க அவன் என்னைக் குதிக்கத்தான் வைத்தான். சைக்கிளைத் தள்ளிவிட்டுக் குதி, இடது பக்கம் குதி, சைக்கிள் மேலே விழாமல் குதி. தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றுகொண்டார்கள். "ஏங்க்கா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சேர்ந்தால் முதல் டிக்கெட் உனக்குத்தான் என்றேன்.

ஓட்டுகிற முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சொல்வதற்குச் சுலபம். குறைந்த கியரில் மிதிக்க வேண்டும். மிதித்துக்கொண்டே பின் பிரேக்கையும் லேசாகப் பிடித்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "நான் பத்து வருஷமா அப்படித்தான் ஓட்றேன், என்னை யாரும் பாராட்டலியே," என்றார். வேகம் என்பது கல்யாண ஊர்வலம் போகிற வேகம். ரொம்ப மெதுவானால் சாயும், கொஞ்சம் வேகமானால் தடுமாறினதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. இதெல்லாம் எனக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். முன் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. பலகை முடிகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

"கீழ பாக்காதக்கா. நீ எங்க பாக்கறியோ சைக்கிளு அங்கதான் போவும்."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். காய்ச்சலுக்குப் பிறகு நான் என் கால் பெருவிரலைத் தவிர வேறு எதையும் பார்த்து நடந்தது கிடையாது. கோயிலுக்குப் போனால் தரை ஓடு, கடைத்தெருவுக்குப் போனால் சாக்கடை மூடி. நிமிர்ந்தால் எங்கே எல்லாம் சுற்றத் தொடங்கிவிடுமோ என்று குனிந்தே ஒரு வருஷம் வாழ்ந்தேன். இப்போது ஒரு சாண் மரத்தின் மேல் நிறுத்தி நிமிர்ந்து பார் என்கிறான். பார்த்தேன், விழுந்தேன். மறுபடி பார்த்தேன், மறுபடி விழுந்தேன். மாசி முடிவதற்குள் செங்கல் உயரப் பலகையை ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் கடந்தேன். பங்குனியில் முழங்கால் உயரம். அந்த வெற்றியில் வீட்டுக்கு வரும் வழியில் பலாப்பழம் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தேன். ஆனால் தோப்பை விட்டு வெளியே வந்தால் பழைய கதைதான். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தால் குட்டைத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

தம்பி ஒரு முடிவுக்கு வந்தான். முழங்கால் உயரம் எனக்கு விளையாட்டாகிவிட்டது, மண்கரை மாதிரி பயமுறுத்துகிற ஒன்றில் ஏறினால்தான் கரை பயம் போகும் என்றான். தோப்பின் கடைசியில் இருந்த பெரிய பள்ளத்துக்குக் குறுக்கே முப்பது அடி நீளத்துக்கு ஒரு பலகைப் பாதை போட்டான். நடுவில் என் நெஞ்சு உயரம்.

அதைச் செய்து கொடுத்தவர் தம்பியின் சிநேகிதர். கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு கட்டுகிற குடும்பம். இப்போது எல்லாம் ஃபைபர் படகு ஆகிவிட்டதால் அவரும் ஃபைபர் வேலைதான் செய்கிறார். ஆனாலும் மரம் என்றால் கை பரபரக்கும். பிரித்துப் போட்ட பழைய மரப் படகுகளின் பலகையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கூடவே ஊர் நாய்கள் ஏழெட்டு வந்தன. அத்தனை வருஷ மீன் வாசனை மரத்துக்குள் ஊறியிருந்தது. படகு விலாவுக்கு வளைத்த பலகை என்பதால் பாதையும் நடுவில் லேசாக வளைந்து போனது.

"இது என்னைத் தாங்குமா தம்பி?" என்று அந்தச் சிநேகிதரிடம் கேட்டேன்.

"கடல்ல இருவது வருஷம் மெதந்த மரம்க்கா. அலையவே தாங்கிச்சு, உன்னத் தாங்காதா?" என்றார்.

அலையோடு என்னை ஒப்பிட்டதை நான் அப்போதைக்கு மன்னித்தேன்.

அங்கேதான் ஒரு கோளாறு நடந்தது. படகு கட்டுகிறவர்கள் மரத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோலில் எடுக்கிற எண்ணெயைப் பூசுவார்கள். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். பூசினால் உப்பும் அண்டாது, பூச்சியும் அரிக்காது. காட்டில் பலகை அடிக்கிற வேறு யாரும் அதை நினைத்தே இருக்க மாட்டார்கள். இவருக்கு மரம் என்றால் படகு, படகு என்றால் எண்ணெய். சனிக்கிழமை முப்பது அடிக்கும் இழுத்துப் பூசினார். "ஒரு வாரம் நல்ல வெயில்ல காயணும் மச்சான், யாரும் தொடக்கூடாது," என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தம்பியிடம் எதையாவது சொல்லி வைப்பதும் காற்றில் சொல்லி வைப்பதும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனோம். சித்திரை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பலகை தொடங்குகிற இடத்தில் சைக்கிளோடு நின்று மறுமுனையைப் பார்த்தேன். அது காடாம்புலியூரில் இல்லை, காஞ்சிபுரத்தில் இருந்தது. நர்ஸ் உத்தியோகத்தில் எத்தனை பொய்ச்சாக்கைக் கேட்டிருக்கிறேன், எனக்கு ஒன்று வராதா?

"எண்ணெ வாசனை தலைய வலிக்குது. இன்னிக்கு வேணாம்," என்றேன்.

தம்பியின் முகம் சுருங்கியது. என் வீட்டுக்காரர் முகம் விரிந்தது. பலகை தரையிலிருந்து ஏறத் தொடங்குகிற இடம் உட்கார வசதியான உயரம். விரலால் தொட்டுப் பார்த்தார், காய்ந்த மாதிரி இருந்தது. அதன் மேல் நன்றாக உட்கார்ந்து, கையில் ஒரு பலாச்சுளையை வைத்துக்கொண்டு, டேபிள் வேலையின் பெருமைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். தலைக்கு மேலே ஃபேன். பதினோரு மணிக்கு டீ. மழையில் நனைய வேண்டாம். முக்கால் மணி நேரம் பேசினார். நானும் வாதாடினேன். கடைசியில் குரலை இறக்கிவிட்டார்.

"நீ தண்ணியில விழுந்த அன்னிக்கு உன்ன எனக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வந்தப்ப அந்தக் குட்டையில உன் செருப்பு ஒண்ணு மட்டும் மெதந்துக்கினு இருந்துச்சு. யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

இதை அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை. சரி, டேபிளுக்கே போய்விடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது.

அப்போது அவர் எழுந்தார். பேண்ட் எழ மறுத்தது. மனுஷன் பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, என்ன என்று புரியாமல் எங்களைப் பார்த்தார். தம்பி கையைப் பிடித்து இழுத்தான். சர்ரென்று ஒரு சத்தத்தோடு பேண்ட் வந்துவிட்டது. பலகையில் அவர் உட்கார்ந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

அந்த எண்ணெய் தோலில் பட்டால் பொத்துவிடும். பண்ருட்டி வட்டாரத்தில் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்ளாமல் உட்கார மாட்டார்கள். முந்திரித் தோப்புக்காரர் மகள் நான், நர்ஸ் வேறு. வாசனையைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நானேதான். ஆனால் அன்றைக்கு என் மூக்கு சாக்குத் தேடுகிற வேலையில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவருக்கு உட்காருகிற இடம் முழுக்கக் கொப்புளம். பத்து நாள் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். களிம்பு போட்டுக் குப்புறப் படுக்க வைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் போன் செய்தால், "முதுகு புடிச்சிக்கிச்சு," என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். கொஞ்சம் கீழே என்று நான் திருத்தினேன். முறைத்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை தடுப்பூசி நாள். என்னைக் கொண்டுபோக ஆள் இல்லை. பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால் ஐந்து குப்பத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். ஆட்டோ மண்கரையில் போகாது.

"லீவு போடு," என்றார் அவர். "இல்லன்னா இப்பவே டேபிள் கேட்டுடு. எப்ப கேட்டா என்னா?"

அன்றைக்கு நான் லீவு சொல்லிவிட்டால் அதோடு சரி, அடுத்த புதனும் சொல்லுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்துப் பண்ருட்டிக்குப் போனேன். தம்பி வந்து கூட்டிப்போனான். செய்த குற்றத்துக்குப் பிராயச்சித்தமாகப் பலகை முழுக்க மணலைத் தூவி எண்ணெயை மூடியிருந்தான். பள்ளத்துக்குள் இடுப்பு உயரத்துக்கு முந்திரிச் சருகைக் குவித்திருந்தான். அவனுடைய பழைய ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டேன். கண்ணாடி அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. மாதாவே, இடது பக்கம்தான் விழுவேன், அந்தப் பக்கமே பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு ஏறினேன்.

முதல் பத்து அடி நன்றாகப் போனது. மணல் டயருக்கடியில் நறநறவென்றது. மறுமுனையில் ஒரு முந்திரி மரம், அதில் சிவப்பாக ஒரு பழம். அதையே பார்த்தேன். தரை இறங்கிக்கொண்டே போவது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது, நான் திரும்பவில்லை. வளைவு வந்தது. பார்வையை விடாமல் இடுப்பை மட்டும் அசைத்தேன், சைக்கிளும் அசைந்து கொடுத்தது. பாதி தாண்டிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்த சந்தோஷத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று ஒரே ஒரு தடவை கீழே பார்த்தேன்.

அவ்வளவுதான். முன் சக்கரம் பலகையை விட்டது. சைக்கிளை வலது பக்கம் தள்ளிவிட்டு இடது பக்கம் குதித்தேன். சருகுக்குள் கழுத்துவரை புதைந்து, புரண்டு, மல்லாந்து கிடந்தேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இனிமேல்தான் சுற்றும். குட்டையில் விழுந்த அன்று இப்படித்தான் விழுந்து முடித்த பிறகு உலகம் நிற்காமல் சுற்றியது, வாந்தியும் அழுகையுமாக என்னைத் தூக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். மேலே முந்திரிக் கிளை. இலை இலையாக, அதனதன் இடத்தில் அப்படியே இருந்தது. தலையை இடது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. ஒரு வருஷமாக நான் பயந்தது விழுவதற்கு இல்லை, விழுந்த பிறகு வருவதற்கு. அது வரவே இல்லை.

தம்பி பள்ளத்துக்குள் குதித்து ஓடிவந்தான். "அக்கா! அக்கா! ஏதாச்சும் பேசுக்கா!" அவன் முகம் வெளுத்திருந்தது. நான் படுத்தபடியே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். தலையில் அடிபட்டுவிட்டது என்று அவன் முடிவே செய்துவிட்டான்.

"இன்னும் பத்தடிதான்க்கா பாக்கி. இன்னொரு தடவ போறியா?" என்றான், நான் எழுந்து சருகைத் தட்டிக்கொண்ட பிறகு.

"போதும்டா. விழுந்தாச்சு," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பலகையை நான் இன்றுவரை முழுசாகக் கடந்ததில்லை. அவன் ஊரெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்கிறான்.

புதன்கிழமை காலையில் தடுப்பூசி ஐஸ் பெட்டியை எடுத்து வந்து ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன். அவர் கட்டிலில் குப்புறப் படுத்தபடி சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். இவள் போகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பிரேக்கு கொஞ்சம் லூசா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டார்.

நான்கு குப்பத்தை முடித்துவிட்டு மண்கரைக்கு வந்தபோது மணி பதினொன்று. கை வேர்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்தி, விழுந்தால் இடது பக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பக்கம் குட்டை, இடுப்பளவு தண்ணீர்தான். பிறகு கரை முடிகிற இடத்தில் தெரிந்த மாதா சிலைக் கெபியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நாரைகள் எழுந்ததைப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. எதிரே யாரும் வரவில்லை. காலைத் தரையில் ஊன்றாமல் அந்தப் பக்கம் போய் இறங்கினேன்.

இறங்கியதும் எனக்கு ஒரு வரவேற்பு இருக்கும் என்று நினைத்தேன். ஊசிக்குக் குழந்தையோடு நின்றிருந்த பெண்கள் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"சார் வரலியா?" என்றாள் ஒருத்தி.

"எந்த சார்?"

"உங்க வூட்டுக்காருதான். எங்க ரேஷன் கார்டு பாரத்த எழுதிட்டு வரேன்னாரே."

"எங்க அப்பாரு பென்சன் மனுவும் அவுருகிட்டதான் இருக்கு," என்றாள் இன்னொருத்தி.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் ஒரு வருஷமாக நான் நினைத்திருந்தேன். அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்தாள். வாரம் தவறாமல் என்னிடம் பிரஷருக்குத் திட்டு வாங்குகிறவள். என் ஸ்கூட்டரைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தனியாவா வந்த?"

"ஆமா."

"வந்துட்டியா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளு அவ தனியா வருவா, நீங்க வேணா பாருங்கன்னு உங்க வூட்டுக்காரு அந்த மரத்தடியில ஒக்காந்துக்கினு சொல்லிக்கினே இருப்பாரு. நாங்கதான் நம்பல."

என்னிடம் முக்கால் மணி நேரம் டேபிளின் பெருமையைப் பேசிய மனுஷன். ஊசி போட்டு முடிக்கிறவரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்துவிட்டு அந்த மரத்தடிக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கரையத் தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேங்க."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"அப்ப இனிமே நான் வரவேணாம்."

அது கேள்வி மாதிரி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்க என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது.

"வேணாங்க," என்றேன்.